ஜுரப் பிதற்றலா, மூளை ஜுரமா?

வீட்டில் யாருக்காவது ஜுரம் கடுமையாக அடித்தால் நடு ராத்திரியில் ஏதாவது உளறுவார்கள். "பஸ் வந்துவிட்டது, டிபன் டப்பா எங்கே?" என்று எட்டு வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டே கேட்பான். பாட்டி பக்கத்தில் இருந்தால், "ஒன்றும் இல்லை, ஜுர வேகத்தில் பிதற்றுகிறான். நெற்றியில் ஈரத்துணியைப் போடு" என்பாள். பெரும்பாலும் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். 103 டிகிரி ஜுரம் 100-க்கு இறங்கியதும் பையன் கண்ணை விழித்துப் பார்ப்பான், தண்ணீர் கேட்பான், தான் உளறியதைச் சொன்னால் வெட்கப்படுவான். அத்துடன் சரி.

ஆனால், சகோதரிகளே, என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு வீட்டில், பாட்டியின் வாக்குத் தவறிப் போகிறது. ஜுரம் இறங்கிவிட்டது, பிதற்றல் நிற்கவில்லை. எழுப்பினால் பையன் கண்ணைத் திறக்கிறான், உடனே மறுபடியும் தூங்கிப் போகிறான். எதிரே நிற்கும் அம்மாவைப் பார்த்து, "அம்மா எங்கே?" என்கிறான். அல்லது நாற்பது வயது இல்லத்தரசி ஒருத்தி இரண்டு நாள் ஜுரத்துக்குப் பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போகிறாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "சின்னவள் பள்ளிக்கூடம் போய்விட்டாளா?" என்று பத்து நிமிஷத்தில் ஆறு தடவை கேட்கிறாள். வீட்டில் உள்ளவர்கள், "பாவம், ஜுரத்தில் களைத்துப் போயிருக்கிறாள்" என்று சொல்லிக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அந்தக் கஞ்சியிலும் படுக்கையிலும் கழிந்து போகும் நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இந்த வியாதிக்கு டாக்டர்கள் 'என்கெபலைட்டிஸ்' என்று பெயர் சொல்வார்கள். தமிழில் மூளை அழற்சி. பேச்சு வழக்கில் மூளை ஜுரம், மூளைக் காய்ச்சல் என்கிறோம். அழற்சி என்றால் பயந்துவிட வேண்டாம். நம் எல்லோருக்கும் பழக்கமான சமாசாரம்தான். விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. உடம்பு எதிரியோடு சண்டை போடுகிறது என்று அர்த்தம். விரல் வீங்கினால் பாதகமில்லை. வீங்குவதற்கு இடம் இருக்கிறது. மூளைக்கு அந்த வசதி கிடையாது. அரைத்த இட்லி மாவைப் பாத்திரத்தின் கழுத்து வரை நிரப்பி மூடிவைத்தால் மறுநாள் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறதல்லவா? மண்டை ஓட்டுக்கு அப்படித் தள்ளிக்கொள்ளும் மூடி இல்லை. உள்ளேயே அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் இந்த வியாதியில் பொறுக்க முடியாத தலைவலியும், காரணம் தெரியாத வாந்தியும், அடித்துப் போட்டாற்போன்ற தூக்கமும் வருகின்றன. கைக்குழந்தைக்கு மட்டும் உச்சியில் மெத்தென்ற இடம் உண்டு. குழந்தை அழாமல், நிமிர்ந்த நிலையில் மடியில் இருக்கும்போதும் அந்த உச்சிக்குழி விம்மித் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூளையைச் சுற்றி மூன்றடுக்கு உறை இருக்கிறது. அழற்சி அந்த உறையோடு நின்றால் அதற்கு 'மெனிஞ்சைட்டிஸ்' என்று பெயர். கழுத்தைக் குனிய முடியாது. வெளிச்சம் கண்ணைக் கூசும். உறையைத் தாண்டி மூளைக்குள்ளேயே அழற்சி கண்டால்தான் பேச்சும் ஞாபகமும் நடத்தையும் மாறுகின்றன, வலிப்பு வருகிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்தப் பாகுபாடு டாக்டருக்கு வேண்டியது. உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஜுரத்தோடோ, ஜுரம் வந்து போன பிறகோ, ஒருவர் 'அவராக' இல்லாமல் போனால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 108-க்குப் போன் செய்து வண்டியை வரவழையுங்கள்.

'அவராக இல்லை' என்பதை யார் கண்டுபிடிப்பது? டாக்டரால் முடியாது. அவர் உங்கள் மகளை இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். அவள் சாதாரணமாகவே வாயாடியா, சாதுவா, குழம்பில் உப்புக் கூடினால் சண்டை போடுபவளா, பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறவளா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். ஜுரம் எந்தக் கிழமை ஆரம்பித்தது, முதன்முதலில் வித்தியாசமாகப் பேசியது எப்போது, வலிப்பு எத்தனை நிமிஷம் இருந்தது, எந்தப் பக்கத்துக் கையில் தொடங்கியது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள், சமீபத்தில் வெளியூர் போனதுண்டா, அம்மை போட்டதா, நாய் கடித்ததா, எல்லாம். படபடப்பில் ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைவிட அந்தக் காகிதம் பத்து மடங்கு உபயோகப்படும்.

எதனால் வருகிறது இந்த வியாதி? காரணங்கள் பல. நம் பக்கத்துக்கு நெருங்கிய சம்பந்தமுள்ள ஒன்றை முதலில் சொல்கிறேன். ஜப்பானிய மூளை ஜுரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவில் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், அன்றைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்த நம் வேலூரில்தான். பெயரை வைத்து, ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1924-ல் அந்த நாட்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இது பீடித்தது. 1935-ல் அங்கேதான் இதன் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் பெருகும் ஒரு வகைக் கியூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. வயலில் நிற்கும் கொக்கின் ரத்தத்திலும், பன்றியின் ரத்தத்திலும் வைரஸ் பெருகுகிறது. அவற்றைக் கடித்த கொசு, பொழுது சாய்ந்த பிறகு வந்து நம்மையும் கடிக்கிறது. மனிதர் ரத்தத்தில் இந்த வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டாது. நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்ய யாரும் தயங்க வேண்டியதில்லை.

வைரஸ் உள்ளே புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆகாது. மூளை வரைக்கும் போய்விட்டால்தான் ஆபத்து. அப்படிப் போனவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்து போகலாம்; பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் ஸ்வாதீனமின்மை, படிப்பில் மந்தம், வலிப்பு என்று ஏதாவது குறை தங்கிவிடுகிறது. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. மூச்சு, வலிப்பு, மூளை வீக்கம் இவற்றைக் கட்டுப்படுத்தி, உடம்பு தானாகத் தேறும் வரை காப்பாற்றி வைத்திருப்பதுதான் சிகிச்சை. ஆனால் தடுப்பூசி இருக்கிறது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், இதற்குப் பலியானார்கள். அடுத்த வருஷமே பாதிப்பு அதிகமுள்ள ஜில்லாக்களில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். இப்போது அத்தகைய ஜில்லாக்களில் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்றும், ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்றுமாக இரண்டு ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் ஜில்லா அந்தப் பட்டியலில் உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை இவற்றுக்குப் பிறகும் மூளை அழற்சி வருவதுண்டு. வெறிநாய்க்கடி மூளைக்குப் போய்விட்டால் பிழைப்பது அபூர்வம். கடித்த அன்றே காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஊசி போட்டுக்கொள்வது ஒன்றே வழி. உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் போன்ற மறைவான இடத்தில்தான் அநேகமாக இருக்கும். பெண்கள் கூச்சத்தால் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஜுரக்காரருக்கு உடம்பு துடைத்து விடும்போது அப்படி ஒரு கரும்பொருக்கு கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்லுங்கள். மூளைக்கு ஏறிய உண்ணிக் காய்ச்சலுக்கும் நல்ல மருந்து இருக்கிறது. மருந்துள்ள வியாதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதைப் போன்ற துக்கம் வேறில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். "மூளை ஜுரம் என்று வந்தால் சர்க்கரை பார்க்கிறார்களே" என்று கோபிக்காதீர்கள். சர்க்கரை இறங்கினாலும், ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்தாலும் வயதானவர்கள் இப்படியேதான் பிதற்றுவார்கள். அவை நிமிஷத்தில் கண்டுபிடிக்கக் கூடியவை. பிறகு ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கான். அதற்கடுத்து டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்: "முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும்."

இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. நான் பார்த்திருக்கிறேன், வராந்தாவில் கூட்டம் கூடிவிடும். "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும்" என்று மாமா ஒருவர் ஆரம்பிப்பார். "எங்கள் தெருவில் ஒருவருக்கு..." என்று இன்னொருவர் கதை சொல்வார். "மூளைத் தண்ணியை உறிஞ்சி எடுத்துவிட்டால் புத்தி என்னத்துக்கு ஆகும்?" என்று அத்தை அழுவாள். கையெழுத்துப் போட வேண்டியவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அரை நாள் போய்விடும்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் உச்சிக்குச் சில விரற்கடை மேலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு பையில் தெளிவான நீரும், அதில் மிதக்கும் மெல்லிய நரம்பு இழைகளும் மட்டுமே இருக்கின்றன. ஊசி குத்துவது அங்கேதான். பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கும் சேமியாவை ஊசியால் குத்திப் பாருங்கள். இழை நழுவி விலகிக்கொள்ளும். குழந்தைகளுக்குத் தண்டுவடம் இன்னும் சற்றுக் கீழே வரை இருக்கும். அதை அறிந்து அதற்கும் தாழ்வாகவே குத்துவார்கள். 1891-ல் ஜெர்மானிய டாக்டர் குவின்கே இந்த முறையைக் கொண்டுவந்தார். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்! ஏறக்குறைய அதே இடம், அதே மாதிரி ஊசிதான். அதற்கு ஒப்புக்கொண்ட குடும்பம் இதற்கு அஞ்சுவானேன்?

நீர் குறைந்து போகுமே என்பீர்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு சமயத்தில் இருப்பது ஏறக்குறைய 150 மில்லி. உடம்பு நாள்தோறும் 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் எடுப்பது இரண்டு மூன்று டீஸ்பூன். ஒரு மணி நேரத்துக்குள் அது மறுபடியும் ஊறிவிடும். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். வேறு கஷ்டம் அபூர்வம். தலைக்குள் அழுத்தம் மிகவும் அதிகம் என்று ஸ்கானில் தெரிந்தாலோ, ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ டாக்டரே, "இப்போது வேண்டாம்" என்று தள்ளி வைத்துவிடுவார். அந்த நிதானம் அவருக்கு இருக்கிறது.

அந்த இரண்டு டீஸ்பூன் நீர் சொல்லும் சேதி கொஞ்சமல்ல. கலங்கலாக வந்தால் பாக்டீரியா. உடனே அதற்குரிய மருந்து. தெளிவாக வந்து, வெள்ளை அணுக்கள் மட்டும் கூடியிருந்தால் வைரஸாக இருக்கலாம். ஜப்பானிய மூளை ஜுரமா என்பதும், க்ஷய ரோகக் கிருமி மூளை உறைக்குப் போயிருக்கிறதா என்பதும் அதிலிருந்துதான் தெரிய வேண்டும். 'பி.ஸி.ஆர்.' என்ற பரிசோதனையில் வைரஸின் வம்சக் குறியையே பெருக்கிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வியாதி ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நாட்களில் அந்தப் பரிசோதனை சில சமயம் ஏமாற்றும். அதனால் டாக்டர் மறுபடியும் ஒரு தடவை நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னால், முதல் தடவை தப்பாகச் செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். "இன்ன வியாதி என்றே தெரியாமல் மருந்தா?" என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கேளுங்கள். உதட்டோரத்தில் ஜுரம் வந்தால் கொத்தாகச் சிறு கொப்புளம் போடுகிறதே, அந்த ஹெர்பீஸ் வைரஸ் எப்போதாவது, யாரோ ஒருவருக்கு, மூளைக்குப் போய்விடுகிறது. ஏன் அவருக்கு மட்டும் என்பது பெரும்பாலும் புரிவதில்லை. கொப்புளம் வருகிற எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. போனால் அது குடிகொள்ளும் இடம் காதுக்கு உட்புறமாக இருக்கும் மூளைப் பகுதி. ஞாபகமும் பேச்சும் அங்கேதான் இருக்கின்றன. மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்து போவார்கள். அஸைக்ளோவிர் என்ற மருந்து வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. 1984-ல் ஸ்வீடன் நாட்டில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பழைய மருந்தையும் இதையும் ஒப்பிட்டன. பழைய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். அஸைக்ளோவிர் பெற்றவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவர். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு உயிரும் மிஞ்சும், ஞாபகமும் மிஞ்சும். முடிவு வரட்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு நாளில் எரிந்து போனது திரும்பாது. வேறு வியாதி என்று தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். அதனால் பெரிய நஷ்டமில்லை.

அந்த மருந்தின் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகிகள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க்கில் 1918-ல் பிறந்த கெர்ட்ரூட் எலியன் ரஸாயனத்தில் பட்டம் பெற்றபோது, ஆராய்ச்சிச் சாலைகளில் பெண்ணுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. நீ வந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்றுகூட ஓர் இடத்தில் சொல்லி அனுப்பினார்களாம். பிழைப்புக்காக ஒரு மளிகைக் கம்பெனியில் ஊறுகாயின் புளிப்பையும், முட்டைக் கருவின் நிறத்தையும் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். 1944-ல் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் தலைமையில் இருந்த குழுவிலிருந்துதான் அஸைக்ளோவிர் வந்தது. 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். ஊறுகாய் ருசி பார்ப்பது வீணான வேலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த அம்மாளின் பெயரைச் சொல்லுங்கள்!

இந்த மருந்தை எட்டு மணிக்கு ஒரு தடவை வீதம் பதினான்கு முதல் இருபத்தொரு நாள் வரை நரம்பு வழியாகவே கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டதும், "தேறிவிட்டான், வீட்டுக்கு அழைத்துப் போய் மாத்திரையாகக் கொடுக்கிறோம்" என்று பிடிவாதம் செய்கிறவர்கள் உண்டு. செலவும், அலைச்சலும், வீட்டில் மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் வியாதி திரும்பலாம். மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குப் போதிய அளவு எட்டாது. ஜில்லாத் தலைநகரத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டாவது நாட்கணக்கைப் பூர்த்தி செய்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது இளம் பெண்களைப் பெற்றவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கிருமி எதுவும் இல்லாமலே மூளை அழற்சி வரலாம். உடம்பின் காவல் படை புத்தி தடுமாறித் தன் சொந்த மூளையையே தாக்குகிறது. கல்லூரியில் படிக்கும் பெண். நாலு நாள் தலைவலி, இலேசான ஜுரம். பிறகு தூக்கமே இல்லை. "என்னைப் பற்றியே பேசுகிறார்கள்" என்று சந்தேகப்படுகிறாள். சிரிக்கிறாள், அழுகிறாள், கத்துகிறாள். வாயும் கையும் தானாக அசைந்துகொண்டே இருக்கின்றன. சில நாளில் பேச்சே நின்றுவிடுகிறது. நம் ஊரில் இதற்கு என்ன பெயர் வைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். மந்திரிக்க அழைத்துப் போவோம். அல்லது "யாரையோ மனசில் வைத்திருக்கிறாள்" என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போடுவோம்.

அமெரிக்காவிலும் ஏமாந்திருக்கிறார்கள். ஸுஸானா கஹலன் என்ற இருபத்துநாலு வயதுப் பத்திரிகை நிருபர் 2009-ல் இப்படித்தான் மாறிப் போனார். வேலைச் சுமை என்றார்கள், குடிப் பழக்கம் என்றார்கள். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஸுஹேல் நஜ்ஜார் என்ற டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "கடிகாரம் ஒன்று வரைந்து காட்டு" என்றார். வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டார் அந்தப் பெண். இடது பாதி காலி. மனக் கோளாறு இப்படி எண்களை ஒரு பக்கமாக ஒதுக்காது. மூளையின் வலப்புறத்தில் அழற்சி இருக்கிறது என்று டாக்டர் கண்டுகொண்டார். இந்த வகை வியாதியை 2007-ல்தான் ஜோஸப் டால்மௌ என்பவரும் சகாக்களும் விவரித்திருந்தார்கள். கஹலன் தேறி, 2012-ல் தம் கதையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

சில பெண்களுக்கு இதன் வேர் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டி. அதை எடுத்தால் மூளை தெளிகிறது. ஆகவே மூளை வியாதிக்கு வயிற்றை ஏன் ஸ்கான் செய்கிறார்கள் என்று திகைக்க வேண்டாம். காவல் படையை அடக்கும் மருந்துகளும், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறையும் இருக்கின்றன. 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியின்படி, இரண்டு வருஷத்துக்குள் ஐந்தில் நாலு பேர் நன்றாகத் தேறிவிட்டார்கள். வேப்பிலை அடிப்பதை நான் தடுக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து அடிக்கட்டும்.

வண்டி வரும் வரை வீட்டில் என்ன செய்யலாம்? வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. பல் நடுவே கரண்டியைச் செருகினால் பல் உடையும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குப் போகும். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு அவசரத்திலும் அவசரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வருகிற நாட்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருப்பார். விருந்தாளிகள், "முகம் தெளிந்துவிட்டதே!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகமிருக்காது. முப்பது வருஷம் வைத்த ரஸத்துக்குப் புளியை எப்போது கரைத்துவிடுவது என்று அடுப்பின் முன்னால் நின்று யோசிப்பாள். சாந்தமாக இருந்தவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அரை மணி பேசினால் சோர்ந்துவிடுவார். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. காயம் ஆறுகிற காலம். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷமும் ஆகும். "இதுகூடவா மறந்துவிட்டது?" என்று குழந்தைகள் முன்னால் கேட்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அன்றாடம் நடப்பதை எழுதச் சொல்லுங்கள். காஸ் அடுப்புக்கு மேலே 'அடுப்பை அணைத்தாயிற்றா?' என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். அவர் தனியாக இருக்கும்போது அடுப்புப் பற்ற வைப்பது, மாடிப்படியில் துணி சுமப்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது, கிணற்றடியில் குளிப்பது இவை டாக்டர் அனுமதித்த பிறகு போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தால் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் அரை நாள் மட்டும் அனுப்புங்கள். கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்காக அந்த வருஷம் அடிக்க வேண்டாம். வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், "வலிப்புத்தான் வருவதில்லையே" என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டப்பாவில் நாலு நாளைக்கு மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.